பால் என்றுதான் நீங்கள் எழுதியிருந்தீர்கள்

அக்கா,

உங்கள் பச்சை மை இன்னும் மங்கவில்லை. குன்னூர் ஈரத்தில் சுவரெல்லாம் பூத்துப்போகிறது, அட்டைப்பெட்டிகள் தொட்டால் பொதபொதவென்று அமுங்குகின்றன. ஆனால் மெய்ப்புத் தாள்களில் நீங்கள் போட்ட திருத்தங்கள் நேற்றுப் போட்டவை மாதிரியே இருக்கின்றன. அந்தக் கட்டிலிருந்து எண்பத்து மூன்றாம் பக்கத்தை மட்டும் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். காலையில் கடையைத் திறந்து ஜெராக்ஸ் மெஷினைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் முதலில் அதுதான் கண்ணில் படுகிறது.

இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறிப் போனவர் நீங்கள். “ஷட்டரைப் பாதி இறக்கி வை கண்ணு, வந்தர்றேன்” என்றீர்கள். இரண்டு வருடம் ஆகப்போகிறது. கடையை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களிடம் வேலைக்கு வந்தபோது நான் பி.ஏ. முடித்து ஒரு மாதம். எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான் என்று அம்மா கொழுந்து பறிக்கிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எனக்கோ எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்துப் பேச வராது. நீங்கள் ஒரே பார்வையில் அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். “உனக்கு வாய் வேண்டாம் சாமி, வெரல் போதும். கீபோர்டுல உக்காரு.”

அந்த வருடம்தான் கடைவீதிக் குடும்பங்களின் வரலாற்றைப் புத்தகமாகப் போடும் யோசனை உங்களுக்கு வந்தது. மத்தியான நேரம், வியாபாரம் படுத்திருக்கும்போது நீங்கள் கடை கடையாக ஏறுவீர்கள். பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நான். ஜவுளிக்கடைக்காரர் தன் பாட்டனார் முதல் ரயிலில் மலை ஏறி வந்தவர் என்றபோது நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள்.

“ஏனுங்க, உங்க பாட்டனாருமா? இதோட பதினேழு பேரு ஆச்சுங்க. அந்த ரயிலு மேல வந்து சேந்துச்சா, இல்ல பாரம் தாங்காம பாதியில நின்னுபோச்சா?”

அவர் கல்லாவைத் தட்டிச் சிரித்தார். “அப்ப எங்க பாட்டன் எஞ்சின்ல வந்தாருன்னு போட்டுக்கங்க!”

பேச்சில்தான் இந்த விளையாட்டெல்லாம். எழுத உட்கார்ந்தால் நீங்கள் வேறு ஆள். ‘முதல் ரயிலில் வந்தார்’ என்று உங்கள் கை எழுதாது. ‘முதல் ரயிலில் வந்ததாகப் பேரன் சொல்கிறார்’ என்றுதான் எழுதும். பக்கத்துக்குப் பத்து ‘சொல்கிறார்’ வரும். டைப் செய்து எனக்கு அலுத்துப்போகும். கல்லூரியில் கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவள் நான். இந்த வறட்டு வாக்கியங்களையெல்லாம் கொஞ்சம் அழகு பண்ணினால் என்ன என்று தோன்றும். ஒருமுறை வாய்விட்டே கேட்டேன். நீங்கள் மானிட்டரை விரலால் தட்டினீர்கள். “இந்தச் ‘சொல்கிறார்’ இருக்கற வரைக்கும் நாம பொய் சொல்லல, புரியுதா புள்ள?”

புரிந்தது என்று தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் எப்போதும் கெட்டிக்காரி.

போன மாதம் குடைக்கடை பாய் வந்தார். உங்களுக்கு நினைவிருக்கும், குடையும் ஸ்வெட்டரும் விற்கிறவர். நாம் அவர் வீட்டுக்குத் தகவல் கேட்கப் போனபோது அவர் மனைவி ரஹிமா அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் நம் புத்தகத்தைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். எண்பத்து மூன்றாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் ஒன்றைச் செருகியிருந்தார்.

“இதப் படிம்மா.”

படித்தேன். மேலே ரஹிமா அம்மாவின் படம். கீழே இப்படி: ‘பக்கத்து விதைக்கடைக்காரரின் மனைவி நோயுற்றுக் கோவையில் கிடந்த நாட்களில், அவருடைய கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டி, ஒரு தோளில் தன் பிள்ளை, மறு தோலில் அயல்வீட்டுப் பிள்ளை என வளர்த்தெடுத்த தாயுள்ளம் ரஹிமா அம்மாளுடையது.’

தோளில் என்பது இரண்டாவது இடத்தில் ‘தோலில்’ என்று விழுந்திருந்தது. என் கண் அந்தப் பிழையில்தான் போய் நின்றது, அக்கா. வந்த ஆபத்து தெரியவில்லை.

“அந்தக் கைக்குழந்தைதான் ஷாஹித். எங்க நஸ்ரினுக்குப் பேசி முடிச்ச மாப்பிள்ளை” என்றார் அவர்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவரே விளக்கினார். ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் அவர்கள் மார்க்கத்தில் கூடப்பிறந்தவர்கள். பால்குடி உறவு என்று பெயர். ரஹிமா அம்மாவிடம் பால் குடித்திருந்தால் ஷாஹித் நஸ்ரினுக்கு அண்ணன். நிக்காஹ் கூடாது. மூன்று வாரம்தான் இருந்தது. அழைப்பிதழில் பாட்டனார் பெயரை எப்படி எழுதுவது என்று பார்க்க ஷாஹித்தின் பெரியத்தா, நம் பேச்சில் பெரியப்பா, நம் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். பக்கத்துப் பக்கத்தில் கண் போயிருக்கிறது.

“ஏனுங்க பாய், உங்களுக்கு முன்னாடியே தெரியாதுங்களா?” என்று தரையைப் பார்த்துக் கேட்டேன்.

“அந்தப் பக்கத்த தினம் தொறக்கறேன். அவ போட்டோவப் பாக்கறதோட சரி. எழுத்துப் பக்கம் கண்ணு போனதில்ல.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “இப்பப் படிச்சதுக்கப்பறம் எல்லாம் ஞாபகம் வருது.”

விதைக்கடை பாயை நான் போய்ப் பார்த்தேன். கேரட் விதை டப்பாக்களுக்கு நடுவே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். “பால் அவங்கூட்டுதுதான். அதுல சந்தேகமில்ல. மாடும் வச்சிருந்தாங்க, கைக்குழந்தையும் வச்சிருந்தாங்க. எப்படிக் குடுத்தாங்கன்னு நான் எங்க போய்ப் பாக்க? பொம்பளைங்க இருக்கற ஊட்டுக்குள்ள நொழைஞ்சா?” புத்தகத்தை அவர் படிக்கவே இல்லையாம், கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். அவர் மனைவியைக் கேட்டேன். “நாலு மாசம் கழிச்சு வந்து பாக்கறேன், புள்ள கொழுகொழுன்னு இருக்கறான். அந்தச் சந்தோசத்துல எதையும் கேக்கலம்மா. கேட்டிருக்கோணும்” என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் நஸ்ரின் கடைக்கு வந்தாள். மழை. குடைக்கடைக்காரர் மகள் குடை இல்லாமல் நனைந்து வந்திருந்தாள்.

“நேத்து வரைக்கும் மாப்பிள்ளை. இன்னைக்கு அண்ணனாம். போன் பண்ணுனா என்னன்னு கூப்பிடறதுன்னு தெரியாம ரெண்டு பேரும் சும்மா மூச்சு விட்டுட்டு வச்சர்றோம்” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. “அக்கா, அந்த வரிய யாரு சொன்னாங்க? அத மட்டும் சொல்லுங்க. எங்கம்மா நெசமாக் குடுத்திருந்தா நான் வாயே தொறக்கமாட்டேன்.”

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போயிருக்கிறார்கள். அவர் பொறுமையாக விசாரித்திருக்கிறார். மூன்று சாட்சி இருக்கிறது என்று பெரியத்தா அடித்துச் சொல்லியிருக்கிறார். ஒன்று நம் புத்தகம். இரண்டு, பள்ளிவாசல் கட்டட வேலைக்காக வெளியிட்ட மலர். அதிலும் ரஹிமா அம்மாவைப் பற்றி இதே செய்தி இருக்கிறது. மூன்று, குடைக்கடை பாயின் சொந்த ஞாபகம்.

“அத்தா என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“கண்ண மூடிட்டு அப்படியே சொன்னாருக்கா. ஒரு தோள்ல எங்கண்ணன், மறு தோள்ல அயல்வீட்டுப் பிள்ளைன்னு.”

அயல்வீட்டு.

அக்கா, நாற்பது வருடமாகக் குடை விற்கிற மனுஷர் அவர். ‘பக்கத்தூடு’ என்பார். ‘விதைக்கடையூடு’ என்பார். ‘அயல்வீடு’ அவர் வாயில் எப்படி வந்தது? நஸ்ரின் போனதும் பள்ளிவாசல் மலரை வாங்கிவரச் செய்தேன். நம் புத்தகத்துக்கு இரண்டு வருடம் கழித்து வந்தது அது. பக்கத்தைப் பிரித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. ‘மறு தோலில் அயல்வீட்டுப் பிள்ளை.’ நம் அச்சுப்பிழை, அதே எழுத்தில். அவர்கள் யாரையும் கேட்டு எழுதவில்லை. நம்மைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பாயும் பழையதை நினைத்துச் சொல்லவில்லை. இப்போது படித்த வரிதான் அவருக்குள் போய் நினைவாகப் படிந்திருக்கிறது. ரஹிமா அம்மா அந்த இரண்டு குழந்தைகளோடு நிற்பது அவருக்கு நிஜமாகவே தெரிகிறது. அதைப் பார்த்த கண்தான் அவருடையதில்லை.

மூன்று சாட்சி ஒன்றாகச் சுருங்கிவிட்டது. மிச்சம் நம் புத்தகம். அதற்கு யார் சாட்சி?

பரணிலிருந்து உங்கள் நோட்டுகளை இறக்கினேன். இப்போது உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தேடும்போது என் மனசு ஒரே ஒரு வேண்டுதலில் இருந்தது: இது அக்காவின் பிழையாக இருக்கட்டும். நீங்கள் எங்கோ கேட்டுக் கூட்டி எழுதியிருக்க வேண்டும். நீங்கள்தான் இல்லையே, உங்களை யார் என்ன சொல்லப்போகிறார்கள்? நான் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு, அக்கா அவசரத்தில் எழுதியிருப்பார் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். எனக்குச் சோறு போட்டவரைப் பற்றி இப்படி நினைத்தேன்.

விதைக்கடையை ‘வி.க.’ என்று சுருக்கி உங்கள் நோட்டில் இருந்தது: ‘வி.க. பாயின் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த நாலு மாதம் அவர் குழந்தைக்கு ரஹிமாதான் பால் கொடுத்துப் பார்த்துக்கொண்டார் என்று வி.க. பாய் சொல்கிறார்.’

பால். அவ்வளவுதான். ‘தாய்’ இல்லை. தோள் இல்லை. ‘சொல்கிறார்’ இருந்தது.

பிறகு மெய்ப்புக் கட்டை அவிழ்த்தேன். எண்பத்து மூன்றாம் பக்கத்தில் உங்கள் வாக்கியத்தை நான் ஒழுங்காகத்தான் டைப் செய்திருந்தேன். பக்கத்தின் அடியில் உங்கள் பச்சை: ‘ரெண்டு வரி காலியா நிக்குது, பாரு.’ அதற்குப் பக்கத்தில் நீல மையில், கட்டுரைப் போட்டிக்கென்று பழகிய அந்த உருண்டைக் கையெழுத்தில், நோயுற்றுக் கிடந்த நாட்களும் தாய்ப்பாலும் தோளும் அயல்வீடும் தாயுள்ளமும். ‘சொல்கிறார்’ கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

அது என் கையெழுத்து, அக்கா.

அதற்குக் கீழே பச்சையில்: ‘பாய் இப்படியா சொன்னாரு?’

அதற்குக் கீழே நீலத்தில், மிகச் சின்னதாக: ‘ஆம்.’

அதன்மேல் உங்கள் பச்சை டிக்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேனா, தரையில் உட்கார்ந்தேனா, தெரியவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்த பையனிடம் கரண்ட் இல்லை என்றேன். தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அந்த ‘ஆம்’ எழுதியது எனக்கு நினைவில்லை. துளிகூட இல்லை. விதைக்கடையில் மூட்டைமேல் உட்கார்ந்து பாய் பேசியதைக் கேட்டது நினைவிருக்கிறது. மிளகாய் விதை நெடியில் நீங்கள் தும்மியது நினைவிருக்கிறது. ஒரு குடும்பத்தின் மேல் கல்லைத் தூக்கிப்போட்ட அந்தச் சொல்லை எழுதியது மட்டும் இல்லை. பால் என்றால் தாய்ப்பால்தான் என்று நிஜமாகவே எண்ணினேனா, இரண்டு வரியை நிரப்ப வேண்டுமே என்று சேர்த்தேனா, நீங்கள் கேட்டதும் பயந்து தலையாட்டுகிற மாதிரி எழுதிவிட்டேனா? என்னைப் பற்றிய இந்தத் தகவலுக்கும் சாட்சி இல்லை. நீங்கள் என்னை நம்பி டிக் போட்டீர்கள் என்பதற்கு மட்டும் பச்சை மை இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் குடைக்கடை பாய் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ஹஜ்ரத், குடைக்கடை பாய், விதைக்கடை பாய், பெரியத்தா. உள்வாசலில் நஸ்ரினும் ஷாஹித்தின் அம்மாவும். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியத்தா மறுபடி மூன்று சாட்சி என்று ஆரம்பித்தார்.

“மூணும் நானுங்க” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. நஸ்ரின்தான் சொன்னாள், “சத்தமாச் சொல்லுங்கக்கா.”

“மூணுமே நான்தானுங்க. புத்தகத்துல எழுதுனது நான். அதப் பாத்து மலர்ல போட்டாங்க. அதப் படிச்சுத்தான் பாய்க்கு…” அதற்குமேல் அவரைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தாள்களை ஹஜ்ரத்தின் முன் விரித்தேன். எது உங்கள் எழுத்து, எது என்னுடையது என்று விரல் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். ‘தோலில்’ புத்தகத்திலும் மலரிலும் ஒன்றுபோல இருப்பதைக் காட்டியபோது புருவம் உயர்ந்தது.

“படிச்ச புள்ளதானே நீ?” என்றார் பெரியத்தா.

“அதனாலதானுங்க வந்த வினை” என்றேன். அது எப்படி என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஹஜ்ரத் குடைக்கடை பாயிடம் திரும்பினார். “பாய், அயல்வீடுன்னு நீங்க என்னைக்குப் பேசியிருக்கீங்க?”

அவர் உதடு அசைந்தது. அந்த வாக்கியத்தை உள்ளுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. அவர் முகத்தில் ஏதோ அணைந்தது, அக்கா. மனைவியைப் பற்றி வைத்திருந்ததில் ஒன்றை நான் எல்லோர் முன்னும் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

“அப்ப அவ குடுக்கலையா?” என்று என்னைக் கேட்டார்.

“தெரியலைங்க.”

“குடுத்தாளா?”

“அதும் தெரியலைங்க பாய். பால்னுதான் சொன்னாங்க. எந்தப் பால்னு நாங்க கேக்கல.”

ஹஜ்ரத் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். கடைசியில் சொன்னார், “கண்ணால பாத்தவங்க இல்ல. எழுதுனது, கேட்டு எழுதுனது இல்ல. தடுக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லை. ரெண்டு ஊட்டுக்காரங்களும் மனசு ஒத்து முடிவு பண்ணுங்க.” ஷாஹித்தின் அம்மா உள்வாசலில் நின்றபடியே நஸ்ரினின் கையைப் பிடித்துக்கொண்டார். முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். போகாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், நஸ்ரின் விடவில்லை. மண்டபத்தில் பெண்கள் பக்கம், ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். என் பக்கத்தில் வெலிங்டனிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு டீச்சர். குடைக்கடையின் பழைய வாடிக்கைக்காரர். குடைக்கடை பாய் எல்லோருக்கும் பரிமாறியாயிற்றா என்று கேட்டுக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தார். புதுச் சட்டை, அத்தர் வாசனை, முகமெல்லாம் சிரிப்பு. டீச்சர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க பாய், மாப்பிள்ளைய உங்க சம்சாரம்தான் பால் குடுத்து வளத்தாங்கன்னு புத்தகத்துல படிச்சேனே? பால்குடி உறவுன்னு உங்கள்ல ஏதோ சொல்லுவாங்களே?”

பாய் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

“மாட்டுப் பால்ங்க டீச்சர்! அதத்தான் தப்பா எழுதிட்டாங்க. செவலை மாடு ஒண்ணு வச்சிருந்தோமில்ல, அதோட பால். நானே காலையில கறந்து சொம்புல ஊத்தித் தருவேன். அவ ஆத்தி, சங்குல புகட்டுவா. இன்னைக்கும் கண்ணுலயே நிக்குது.”

“அப்படியா! நல்லவேளை சொன்னீங்க. எங்க சங்கத்து மலருக்கு நம்ம ஊரு மனுசங்களப் பத்தி எழுதிட்டிருக்கேன். இத சரியா எழுதிடறேன்” என்றார் டீச்சர்.

பாய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கள்ளம் இல்லை, கெஞ்சல் இல்லை, என்னை வாயடைக்கும் எண்ணமும் இல்லை. உனக்கும் தெரியும்தானே என்பது மாதிரி தலையை அசைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். அன்று சாயங்காலம் தெரியவில்லை என்று நான் சொன்னது அவரிடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு செவலை மாடு வந்து நிற்கிறது. சொம்பும் சங்கும்கூட வந்துவிட்டன.

டீச்சரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். அப்படியும் தெரியாதுங்க, யாருக்குமே தெரியாதுங்க என்று. எதிரே மேடையில் நஸ்ரின் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், மருதாணிக் கையை மடியில் வைத்து. டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். ‘செவலை மாடு’ என்று எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன், அக்கா. ‘சொல்கிறார்’ போடவில்லை.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன். அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஷாஹித் எந்தப் பால் குடித்தான் என்று தெரிந்திருந்தது. தெரியாதவள் நான் ஒருத்திதான்.